எதைக் கொண்டு முடிகிறது: ஆங்கிலத்தின் பெயரடையும் வினையடையும்

இவ்வுரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் ஆங்கில இலக்கணத்தின் இரண்டு சொல்வகைகள். ஒன்று, அட்ஜெக்டிவ் என்று வகுப்பறையில் வழங்கும் பெயரடை. மற்றொன்று, அட்வெர்ப் என்று வழங்கும் வினையடை.

பெயரடை என்பது பெயர்ச்சொல் குறிக்கும் ஆளையோ பொருளையோ இன்ன தன்மையது என்று சிறப்பிக்கும் சொல். வினையடை என்பது ஒரு செயல் எப்படி, எப்போது, எங்கே, எந்த அளவில் நிகழ்கிறது என்று சொல்லும் சொல். அது வினையை மட்டுமன்றிப் பெயரடையையும், இன்னொரு வினையடையையும், சில இடங்களில் முழு வாக்கியத்தையுமே தழுவி நிற்கும். வரையறை இவ்வளவுதான். பள்ளியிலேயே இதைப் படித்து ஒப்பித்த மாணவர் பட்டம் பெற்ற பிறகும் ஏன் தடுமாறுகிறார்? அவருடைய அறிவில் குறையா, உழைப்பில் குறையா? இரண்டிலும் இல்லை. சொல்லின் வாலைப் பார்த்து வகையைச் சொல்லும்படி அவருக்குக் கற்பிக்கப்பட்டது என்பதுதான் குறை. 'சொல்லின் கடைசியில் எல், ஒய் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர். பெயரடை வினையடையாகிவிடும்' என்ற ஒற்றை விதி எளிதில் மனப்பாடமாகிறது, தேர்வில் மதிப்பெண்ணும் தருகிறது, ஆனால் வாழ்க்கையில் ஒருவர் எழுதும் முதல் விண்ணப்பத்திலேயே அவரைக் கைவிட்டுவிடுகிறது.

அந்த விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். வேலை தேடும் இளைஞர் ஒருவர், தாம் கடுமையாக உழைப்பவர் என்று சொல்ல விரும்புகிறார். கடுமையான என்பதற்கு 'ஹார்ட்' என்ற பெயரடை உண்டு என்பது அவருக்குத் தெரியும். உழைப்பது வினை ஆகையால் வினையடைதான் வேண்டும் என்பதும் தெரியும். படித்த விதியை நம்பி 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதிவிடுகிறார். அதை வாசிக்கும் அதிகாரி என்ன புரிந்துகொள்வார்? வாக்கியம் கோணலாக இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்ற சரியான வாக்கியத்தின் நிழல் அதன்மேல் விழுகிறது. அதன் பொருளோ 'வேலை செய்வதே அரிது' என்பது. விதியைத் துளியும் மீறாமல் எழுதியவருக்கு இந்தத் தீங்கு நேர்கிறது என்றால், பழுது விதியிடம்தானே இருக்க வேண்டும்?

அப்படியானால் வாலைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? விடையைத் தேடி இலண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போக வேண்டியதில்லை. அது தமிழ் மாணவரின் தமிழ்ப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பெயர், வினை, இடை, உரி என்று சொற்களை நான்காகப் பகுத்தது தொல்காப்பியம். அந்த மரபில் வந்து, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் வரை, தமிழ் இலக்கணம் எச்சச் சொற்களை நோக்கிக் கேட்கும் கேள்வி ஒன்றே. எதைக் கொண்டு முடிகிறது? 'வந்த' என்ற சொல் 'பையன்' என்ற பெயரைக் கொண்டு முடிவதால் பெயரெச்சம். 'வந்து' என்ற சொல் 'போனான்' என்ற வினையைக் கொண்டு முடிவதால் வினையெச்சம். 'நல்ல' என்பது பெயரைத் தேடி நிற்கிறது. 'மெல்ல' என்பது வினையைத் தேடி நிற்கிறது. இரண்டும் 'ல்ல' என்றே முடிகின்றன. ஒலியை நம்பியவர் இரண்டையும் ஒரே வகையில் சேர்த்துவிடுவார். முடிக்கும் சொல்லைத் தேடியவர் பிழை செய்ய மாட்டார். ஆங்கிலத்துக்கும் அந்தக் கேள்விதான் வேண்டும். எதைக் கொண்டு முடிகிறது? பெயரையா, வினையையா?

இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, முதலில் அந்த இரண்டெழுத்து வாலின் வரலாற்றைப் பார்ப்பது நல்லது. ஏனெனில் பிழைகளில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், பெயரடையோடு 'எ' என்ற ஓர் உயிரைச் சேர்த்தாலே அது வினையடையாகும். வேறொரு வழியில், உடல் அல்லது வடிவம் என்று பொருள்பட்ட 'லிக்' என்ற சொல் பெயர்களோடு சேர்ந்து, இன்ன வடிவினது, இன்ன தன்மையது என்று காட்டும் பெயரடைகளைப் படைத்தது. நண்பனின் தன்மை உடையது என்ற பொருளில் 'ஃப்ரெண்ட்லி' அப்படித்தான் அமைந்தது. அந்த 'லிக்' மேலும் ஒரு 'எ' சேர்த்துக்கொண்டு வினையடையாகவும் நடந்தது. பிறகு, 14, 15ஆம் நூற்றாண்டுகளில், சொல்லின் ஈற்றில் நின்ற அந்த 'எ' ஒலி ஆங்கிலேயரின் நாவிலிருந்து உதிர்ந்துபோயிற்று. விளைவு என்ன? 'லிக்' என்ற பெயரடை விகுதியும், அதன் வினையடை வடிவமும் தேய்ந்து ஒரே 'லி' ஆகிவிட்டன. வெறும் 'எ' சேர்த்து வினையடையான சொற்களோ அதை இழந்து மீண்டும் பெயரடையின் உருவத்துக்கே வந்து நின்றன.

இந்த ஒரு நிகழ்ச்சியை அறிந்தவருக்கு, விதிவிலக்குகள் என்று பட்டியலிட்டு மனப்பாடம் செய்யவைக்கப்படுபவை எல்லாம் தாமே விளங்கிவிடுகின்றன. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'லோன்லி' ஆகியவை அந்த வாலோடு முடிந்தும் ஏன் பெயரடைகள்? அவை பழைய 'லிக்' வழியில் நின்றவை. 'ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி' என்று எழுதாமல், நட்போடு பேசினார் என்பதற்கு 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றி வளைத்தே சொல்ல வேண்டும். 'ஃபாஸ்ட்' என்பது வேகமான என்றும் வேகமாக என்றும் இரண்டாகவும் ஏன் நிற்கிறது? ஈற்று உயிர் உதிர்ந்தபின் இரண்டுக்கும் உருவம் ஒன்றாகிப்போயிற்று. 'ஃபாஸ்ட்லி' என்றொரு சொல் இன்றைய ஆங்கில வழக்கில் இல்லை. 'ஹார்ட்' என்பதும் அப்படியே. கடுமையான, கடுமையாக ஆகிய இரண்டும் அதுவே.

பிறகு 'ஹார்ட்லி' எங்கிருந்து வந்தது? முதலில் அதற்கும் கடுமையாக, பாடுபட்டு என்பதே பொருள். பாடுபட்டு நடப்பது எப்போதாவதுதான் நடக்கும் என்ற எண்ணம் அதில் ஏறி, நாளடைவில் 'அரிதாகவே, இல்லையென்னும் அளவுக்கு' என்ற பொருளே நிலைத்துவிட்டது. தமிழருக்கு இது வியப்பான மாற்றம் அன்று. 'அரிது' என்ற சொல் செய்தற்குக் கடினமானதையும், காண்பதற்கு எளிதில் கிடைக்காததையும் சேர்த்தே குறிக்கிறது அல்லவா? பொருள் நகர்ந்துபோன இத்தகைய இணைகள் இன்னும் சில உண்டு. 'லேட்' என்றால் தாமதமாக, 'லேட்லி' என்றால் அண்மைக் காலமாக. 'நியர்' என்றால் அருகில், 'நியர்லி' என்றால் ஏறக்குறைய. 'ஹை' என்றால் உயரத்தில், 'ஹைலி' என்றால் மிகவும். தாமதமாக வந்தவரை 'ஹி கேம் லேட்லி' என்று எழுதினால், அவர் காலதாமதம் செய்தார் என்ற செய்தி மறைந்து, அண்மையில் வந்தார் என்று சொல்ல முயன்று தடுக்கிய வாக்கியமாக அது நின்றுவிடுகிறது.

இனி வருவது இவ்வுரையின் நடுப்பகுதி. முடிக்கும் சொல்லைத் தேடச் சொன்ன பிறகும் தமிழ் மாணவர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது, அவரை அங்கே தள்ளுவது அவருடைய தாய்மொழிதான், தூக்கிவிடுவதும் அதுவேதான்.

'அவள் அழகாகப் பாடுகிறாள்.' 'அவள் அழகாக இருக்கிறாள்.' இரண்டு வாக்கியங்களிலும் ஒரே 'அழகாக'. தமிழில் இரண்டும் வினையைக் கொண்டு முடிகின்றன. 'பாடுகிறாள்' வினை, 'இருக்கிறாள்' என்பதும் வினை. ஆனால் ஆங்கிலம் இரண்டுக்கும் இரு வேறு சொற்களைக் கேட்கிறது. பாடுவதற்கு 'ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி' என்ற வினையடை. இருப்பதற்கு 'ஷி இஸ் பியூட்டிஃபுல்' என்ற பெயரடை. ஏன் இந்த வேறுபாடு? பாடுவது ஒரு செயல். அழகு அந்தச் செயலைச் சேர்ந்தது. இருத்தல் என்பதோ ஆங்கிலத்தின் கணக்கில் செயலே அன்று. எழுவாயையும் அதன் தன்மையையும் இணைத்துக் காட்டும் இணைப்பு அது. ஆகவே அழகு அங்கே பெண்ணைச் சேர்ந்தது. இத்தகைய வினைகளை லிங்கிங் வெர்ப் என்பர். இணைப்பு வினை என்று தமிழில் சொல்லலாம். 'சாம்பார் சுவையாக இருக்கிறது', 'வகுப்பு அமைதியாக இருக்கிறது', 'அப்பா கோபமாக இருக்கிறார்' என்று நாள் முழுவதும் 'ஆக' சேர்த்தே பேசிப் பழகிய நாவுக்கு, ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'லி' வராது என்பது இயல்பாகத் தோன்றாது. 'த கிளாஸ் இஸ் சைலன்ட்லி' என்று எழுதும் குழந்தை இலக்கணம் தெரியாமல் எழுதவில்லை. தமிழ் இலக்கணத்தை நம்பி எழுதுகிறது. அந்தக் குழந்தையை அதட்டுவதில் பயனில்லை; இந்த வேறுபாட்டை விளக்குவதில்தான் பயன் உண்டு.

விளக்குவதற்கு ஒரு சோதனை போதும். அதையும் தமிழிலேயே நடத்தலாம். 'ஆக' என்பதை 'ஆன' என்று மாற்றி எழுவாய்க்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். 'சாம்பார் சுவையாக இருக்கிறது' என்பதைச் 'சுவையான சாம்பார்' என்று மாற்றினால் கருத்து கெடுகிறதா? இல்லை, ஆகவே ஆங்கிலத்தில் பெயரடை. 'அவள் வேகமாக எழுதுகிறாள்' என்பதை 'வேகமான அவள்' என்று மாற்றினால்? வேகம் எழுத்தை விட்டு ஆளுக்குப் போய்விடுகிறது, கருத்து கெட்டுவிட்டது, ஆகவே ஆங்கிலத்தில் வினையடை. ஒரு நொடியில் மனத்துக்குள் நடத்திவிடக்கூடிய இந்தச் சோதனையை ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுவதே குற்றம் என்று கருதுவோர் ஏற்கத் தயங்கலாம். ஆனால் மாணவரின் தலைக்குள் தமிழ் இயங்கிக்கொண்டிருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் வாசலில் நிறுத்திவைப்பது கற்பித்தலுக்கு இழப்பே.

இணைப்பு வினைகள் 'இஸ்', 'வாஸ்' போன்றவற்றோடு முடிந்துவிடவில்லை. 'சீம்', 'பிகம்' ஆகியவற்றோடு, ஐம்புலன்களைச் சார்ந்த 'லுக்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'சவுண்ட்', 'ஃபீல்' என்பனவும் இதில் அடங்கும். இவற்றில்தான் ஆங்கிலம் கற்போர் எந்த நாட்டவராயினும் திணறுகின்றனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிலும் பலர், வருந்துகிறேன் என்று சொல்ல 'ஐ ஃபீல் பேட்' என்பதா 'பேட்லி' என்பதா என்று தயங்குகின்றனர். தயக்கத்துக்குக் காரணம், இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் இணைப்பு வினையாகவும் செயல் வினையாகவும் இரட்டை வேலை செய்வதே. 'ஹி லுக்ட் ஆங்க்ரி' என்றால் அவர் கோபமாகத் தெரிந்தார். 'ஹி லுக்ட் ஆங்க்ரிலி அட் த பாய்' என்றால் அவர் பையனைக் கோபமாகப் பார்த்தார்.

இங்கே தமிழ் செய்யும் உதவி பெரிது. ஆங்கிலம் ஒரே 'லுக்' என்று சொல்லும் இடத்தில் தமிழ் இரண்டு வினைகளைத் தனித்தனியே வைத்திருக்கிறது: தெரிதல் ஒன்று, பார்த்தல் ஒன்று. 'ஸ்மெல்' என்பதற்கு மணத்தல் ஒன்று, முகர்தல் ஒன்று. 'டேஸ்ட்' என்பதற்குச் சுவையாக இருத்தல் ஒன்று, சுவைத்துப் பார்த்தல் ஒன்று. 'ஃபீல்' என்பதற்கு, கைக்கு மென்மையாக இருக்கும் துணியைச் சொல்லும்போது இருத்தல். மருத்துவர் காயத்தைக் கவனமாகத் தொட்டுப் பார்ப்பதைச் சொல்லும்போது தொடுதல். துணி 'ஃபீல்ஸ் சாஃப்ட்'. மருத்துவர் 'ஃபெல்ட் இட் கேர்ஃபுலி'. பால் 'ஸ்மெல்ஸ் சவர்', அதாவது புளித்த வாடை வீசுகிறது. பூவை மெல்ல முகர்ந்தவள் 'ஸ்மெல்ட் த ஃப்ளவர் ஜென்ட்லி'. சொல்ல வந்ததைத் தமிழில் நினைத்துப் பார்க்கும்போது தெரிகிறது, மணக்கிறது, இருக்கிறது என்று பொருளே எழுவாயாக நின்று தன் தன்மையைக் காட்டினால் பெயரடை. பார்த்தார், முகர்ந்தார், தொட்டார் என்று ஆள் ஒருவர் செயலில் இறங்கினால் வினையடை. ஆங்கிலேயக் குழந்தைக்கு இல்லாத இந்த வசதி தமிழ்க் குழந்தைக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல எத்தனை வகுப்பறைகளில் ஆள் இருக்கிறது?

'குட்', 'வெல்' என்ற இரண்டும் இதே வழியில் தெளிவாகும். பேச்சுத் தமிழின் 'நல்லா' என்ற ஒரே சொல் மூன்று வேலைகளைச் செய்கிறது. 'காபி நல்லா இருக்கு' என்பதில் நன்மை காபியைச் சேர்ந்தது, 'குட்' வரும். 'நல்லா பாடுறா' என்பதில் நன்மை பாட்டைச் சேர்ந்தது, 'வெல்' வரும். 'நல்லா இருக்கீங்களா' என்று உடல்நலம் கேட்கும்போதும் 'வெல்' வரும். ஆனால் அந்த 'வெல்' வினையடை அன்று, நலமான என்று பொருள்படும் பெயரடை. உருவத்தை நம்பக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

'ரொம்ப' என்ற சொல் விளைவிக்கும் குழப்பம் வேறு வகையானது. 'ரொம்ப நல்லவர்' என்பதும் ரொம்ப, 'ரொம்பச் சூடா இருக்கு, குடிக்க முடியல' என்பதும் ரொம்ப. முதலாவதற்கு 'வெரி' என்றும், அளவு கடந்துபோய்த் தீங்கான இரண்டாவதற்கு 'டூ' என்றும் ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. ஒருவரைப் பாராட்ட நினைத்து 'யூ ஆர் டூ கைண்ட்' என்பது போன்ற மரபுத்தொடர்கள் சில உண்டெனினும், 'த ஃபுட் இஸ் டூ ஸ்பைசி' என்று விருந்தளித்தவரிடம் சொன்னால், காரம் தாங்கவில்லை, சாப்பிட முடியாது என்றே அவர் எடுத்துக்கொள்வார்.

அடுத்து, 'போரிங்', 'போர்ட்' என்பன. வினையிலிருந்து பிறந்து பெயரடையாக நிற்கும் இத்தகைய சொற்களில் நேரும் பிழை, பேசுபவரின் மரியாதையையே பாதிக்கிறது. 'எனக்குப் போரடிக்குது' என்பதை ஆங்கிலப்படுத்தி 'ஐ ஆம் போரிங்' என்று சொல்பவர், தம்மோடு பேசுவது பிறருக்குச் சலிப்பூட்டும் என்று தாமே அறிவிக்கிறார். சலிப்பூட்டுவது எது, சலிப்படைவது யார்? ஊட்டுவதற்கு 'இங்', அடைவதற்கு 'எட்'. பிறவினை, தன்வினை என்ற பாகுபாட்டைப் படித்தவருக்கு இது புதிய பாடமே அன்று. ஊட்டும் திரைப்படம் 'போரிங்'. அடைந்த பார்வையாளர் 'போர்ட்'. 'இன்ட்ரஸ்டிங்', 'எக்ஸைட்டிங்', 'டயரிங்' எல்லாம் இதே கணக்கு.

அடைகளின் வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பெயருக்கு முன் பல பெயரடைகள் வரும்போது, மதிப்பீடு, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், செய்பொருள் என்ற முறையில் ஆங்கிலம் அவற்றை அடுக்குகிறது. 'த்ரீ லவ்லி ஓல்ட் சவுத் இண்டியன் ப்ரான்ஸ் லாம்ப்ஸ்' என்பதைத் தமிழில் சொன்னால், மூன்று அழகிய பழைய தென்னிந்திய வெண்கல விளக்குகள். வரிசை மாறவே இல்லை. காது சொல்வதை நம்பலாம். பெயர் பன்மையானாலும் பெயரடை மாறாது என்பதும் இரு மொழிகளுக்கும் பொது. நல்ல மனிதர், நல்ல மனிதர்கள். 'குட் மேன்', 'குட் மென்'. 1856இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், பாலும் எண்ணும் வேற்றுமையும் ஏற்காமல் நிற்கும் திராவிடப் பெயரடையின் இயல்பைக் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். இலத்தீனும் சமஸ்கிருதமும் படித்த ஐரோப்பிய அறிஞருக்கு அது புதுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை. அந்த இரண்டு மொழிகளிலும் பெயரடை தன் பெயரைப் பின்பற்றி உருமாறும்; கிரேக்க, இலத்தீன் இலக்கணங்கள் அதைத் தனிச் சொல்வகையாகக் கொள்ளாமல் பெயரின் ஒரு பிரிவாகவே வைத்திருந்தன.

பெயரடை பெயருக்குப் பின்னால் நிற்கும் இடங்களும் ஆங்கிலத்தில் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு சட்டமும் ஆட்சியும் பிரெஞ்சு மொழியில் நடந்தன. பிரெஞ்சு வழக்கப்படி பின்னால் நின்ற அடைகள் பதவிப் பெயர்களில் தங்கிவிட்டன. அட்டர்னி ஜெனரல், நோட்டரி பப்ளிக் ஆகியவற்றில் இரண்டாவது சொல்தான் பெயரடை. 1948 முதல் 1950 வரை இராஜாஜி வகித்த கவர்னர் ஜெனரல் பதவியும் அத்தகையதே. அங்கே 'ஜெனரல்' என்பது படைத்தலைவர் அன்று, 'பொது' என்னும் அடை. ஆகையால் பன்மை விகுதி முதற்சொல்லில் சேர்ந்து 'கவர்னர்ஸ் ஜெனரல்' ஆவதே பழைய முறை. இதற்கு மறுதலையாக, பெயருக்கு முன்னால் வரவே ஒப்பாத பெயரடைகளும் சில உண்டு. 'த சைல்ட் இஸ் அஸ்லீப்' என்பது சரி. 'அன் அஸ்லீப் சைல்ட்' என்பது தவறு. பழைய ஆங்கிலத்தில் 'உறக்கத்தில்' என்று இரு சொற்களாக நின்றதன் தேய்வுதான் 'அஸ்லீப்'. 'உயிரில்' என்று நின்றதன் தேய்வு 'அலைவ்'. உறக்கத்தில் குழந்தை என்று தமிழிலும் முன்னால் வைக்க முடியாதே!

ஒப்பிடும்போது தமிழ், பெயரடையின் உருவத்தை மாற்றுவதில்லை. 'அதைவிட' என்று ஒரு சொல்லைச் சேர்த்து முடித்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தால் 'பெட்டர்' என்பதற்குள்ளேயே 'விட' இருப்பது மறந்து, 'மோர் பெட்டர்' என்று இரட்டிப்பாகச் சொல்வோர் உளர். தி டெம்பெஸ்ட் நாடகத்தில் ஷேக்ஸ்பியரே அவ்வாறு இரட்டித்திருக்கிறார், அவர் காலத்தில் அது அழுத்தம் தரும் வழக்கு, இன்று பிழை. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' ஆகியவை இலத்தீனிலிருந்து ஒப்பீட்டு வடிவத்திலேயே வந்தவை ஆகையால் 'தேன்' ஏற்காமல் 'டு' ஏற்கும் என்பதைப் போட்டித் தேர்வு எழுதுவோர் நன்கு அறிவர்.

வினையடையை வாக்கியத்தில் எங்கே வைப்பது? இதில் தமிழ் தாராளம் காட்டுகிறது. ஆங்கிலம் கண்டிப்பாக இருக்கிறது. 'நன்றாக ஆங்கிலம் பேசுகிறாள்' என்றாலும் 'ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள்' என்றாலும் தமிழுக்குச் சம்மதம். ஆங்கிலமோ வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே இன்னொரு சொல் புகுவதை விரும்புவதில்லை. 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்' என்பதே முறை, 'ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' என்பது ஆகாது. இடம் மாறினால் உயிரே போய்வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 'ஹேப்பிலி, ஹி டிட் நாட் டை' என்றால், நல்லவேளையாக அவர் இறக்கவில்லை. 'ஹி டிட் நாட் டை ஹேப்பிலி' என்றால், அவர் மகிழ்ச்சியோடு சாகவில்லை. சொற்கள் அவையே, முதல் வாக்கியத்தில் மனிதர் பிழைத்திருக்கிறார், இரண்டாவதில் போய்விட்டார். முதலாவதில் 'ஹேப்பிலி' முழு வாக்கியத்தையும் தழுவுகிறது. இரண்டாவதில் இறத்தல் என்ற வினையை மட்டும் தழுவுகிறது. மீண்டும் அதே கேள்வி: எதைக் கொண்டு முடிகிறது?

'ஒன்லி' என்ற சொல்லுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். தமிழில் 'மட்டும்' என்பதும் 'தான்' என்பதும் தாம் வரையறுக்கும் சொல்லின் தோளிலேயே ஒட்டிக்கொள்கின்றன. அம்மாவுக்கு மட்டும் பணம் அனுப்பினான், அம்மாவுக்குப் பணம் மட்டும் அனுப்பினான், அவன் மட்டும் அனுப்பினான் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. ஆங்கிலத்தின் 'ஒன்லி'யோ பேச்சில் பெரும்பாலும் வினைக்கு முன்னால் வந்து நின்று, எதை வரையறுக்கிறது என்பதைக் குரலின் அழுத்தத்துக்கு விட்டுவிடுகிறது. எழுத்துக்குக் குரல் இல்லை. ஆகவே எழுதும்போது, குறிப்பாக ஒப்பந்தம், உயில், அலுவலக ஆணை போன்றவற்றை எழுதும்போது, தமிழின் முறைப்படி உரிய சொல்லின் பக்கத்திலேயே அதை வைப்பதுதான் பாதுகாப்பு.

இறுதியாக ஒரு கேள்வி. ஆங்கிலேயர் எல்லோரும் எப்போதும் இந்த விதிகளின்படிதான் எழுதினரா? இல்லை. பெயரடையின் உருவத்தையே வினையடையாக வழங்குவது நூற்றாண்டுக் கணக்கில் இயல்பாக இருந்தது. 1762இல் ஆங்கில இலக்கண நூல் வெளியிட்ட இராபர்ட் லௌத், பிற்காலத்தில் இலண்டன் பேராயராக உயர்ந்தவர், ஷேக்ஸ்பியர், டிரைடன், ஸ்விஃப்ட் போன்ற பேரெழுத்தாளர்களிடமிருந்தே இத்தகைய வழக்குகளை எடுத்துக்காட்டிப் பிழை என்று விலக்கினார். அவரைப் பின்பற்றி, யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக லிண்ட்லி மர்ரே எழுதிய 1795ஆம் ஆண்டு இலக்கணம் பல பதிப்புகள் கண்டு உலகெங்கும் பரவியது. இந்திய மாணவர் நன்கறிந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலும் அந்த மரபின் வழித்தோன்றலே. அதன் ஆசிரியருள் ஒருவரான ரென், பம்பாயில் கல்வித்துறையில் பணியாற்றியவர், 1924இல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் அவரே. விதிகள் இவ்வாறு மனிதர்களால் வகுக்கப்பட்டுக் கைமாறி வந்தவை என்பதை அறிந்த ஆசிரியர், எதில் கண்டிப்பு வேண்டும், எதில் நெகிழ்வு வேண்டும் என்று பிரித்துக் காண்பார். 'நடக்கும் என்று நம்புவோம்' என்ற பொருளில் வாக்கியத்தின் தலையில் வரும் 'ஹோப்ஃபுலி'யைப் பல்லாண்டுகள் எதிர்த்த அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக் கையேடு, 2012இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆப்பிள் நிறுவனம் 1997இல் 'திங்க் டிஃபரன்ட்' என்று விளம்பரம் செய்தபோது, 'டிஃபரன்ட்லி' அல்லவா வர வேண்டும் என்று கேட்டோர் பலர். எப்படிச் சிந்திப்பது என்பதைவிட எதைச் சிந்திப்பது என்பதைச் சொல்லும் தொடராக அதைக் கொண்டால், அங்கே பிழை ஏதும் இல்லை.

சாலை வளைவுகளிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் 'கோ ஸ்லோ' என்று எழுதிய பலகைகள் நிற்கின்றன. 'ஸ்லோலி' என்றல்லவா இருக்க வேண்டும், அரசாங்கமே இலக்கணப் பிழை செய்யலாமா என்று ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் வகுப்பில் எழுந்து கேட்கக்கூடும். வாலை மட்டும் பார்க்கும் ஆசிரியர் ஆம் என்று தலையசைத்துவிடுவார். 'ஸ்லோ' அங்கே எதைக் கொண்டு முடிகிறது என்று கேட்கும் ஆசிரியர், 'கோ' என்ற வினையைக் கொண்டு முடிவதால் அது வினையடையே என்றும், ஈற்று உயிரை உதிர்த்த பழைய வினையடைகளின் உருவத்தில் அது ஷேக்ஸ்பியர் காலத்திலிருந்து வழங்கி வருகிறது என்றும், செல், ஓட்டு போன்ற வினைகளோடு இன்றும் அகராதிகள் அதை ஏற்கின்றன என்றும், ஆனால் 'ஹி ஸ்லோலி ஓப்பன்ட் த டோர்' என்பது போல் வினைக்கு முன்னால் வைக்கும்போது 'ஸ்லோலி' ஒன்றே பொருந்தும் என்றும் விடை சொல்வார். அந்த மாணவர் கேட்ட கேள்விக்கு முழு விடை அதுதான்.